ஆயிரம் காது: டாக்டர் மார்த்தா லின்டவர் நினைவாக

சென்ற திங்கட்கிழமை காலை, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எங்கள் பண்டகசாலையில் மிளகுக்குத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசிக்காக வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தேன். வாசலில் ரோஸி வந்து நின்றாள். டாக்டரம்மாவின் வீட்டில் சமையல் முதல் நோயாளிகளை உட்கார வைப்பது வரை பதினெட்டு வருஷமாக எல்லாம் பார்த்து வந்த, பக்கத்துச் சுள்ளிக்கல் ஊர்க்காரி அவள். காலை நேரத்தில் பஜார் பக்கம் வரவே மாட்டாள். அன்று தூறிக்கொண்டிருந்தது, குடைகூட எடுக்காமல் வந்திருந்தாள்.

"ராவுத்தர் சேட்டா, டாக்டரம்ம போயி," என்றாள். "சாயா கொண்டு போனேன். கசேரையில சாஞ்சு இருக்கு. விளிச்சேன், எழுந்திருக்கல."

துண்டை அவிழ்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன முட்டாள்தனமான கேள்வி என்று உறைத்தது. பல வருஷம் காதுகளோடு பழகியவனுக்கு வாயில் அதுதான் முதலில் வரும்போலிருக்கிறது. ரோஸிக்கு அது விநோதமாகப் படவில்லை. "ரெண்டு பக்கத்துலயும் விளிச்சு," என்றாள்.

அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்தது. யூதத் தெருவில் முன்பிருந்த கூட்டம் இப்போது இல்லை. பாதி வீடுகளைப் பூட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் வந்து தங்கள் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நானும் என் அண்ணன் ஹமீதும் தொப்பி போட்டுக்கொண்டு பின்னால் நின்றோம். மண் போடச் சொன்னபோது எங்கள் வழக்கப்படி மூன்று பிடி போட்டேன். யாரும் தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இங்குள்ள தமிழன்பர்கள் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசிய ஒருவர், லட்சக்கணக்கான செவிடர்களைக் கேட்க வைத்த தெய்வம் என்று டாக்டரம்மாவைப் புகழ்ந்தார். கைதட்டலும் விழுந்தது. அதைக் கேட்க அவர் இல்லாததே நல்லது. இருந்திருந்தால் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி வந்து, "எந்த லட்சம்? பேர் பறயுங்கோ, நான் எழுதட்டும்," என்று அந்த மனிதரை மேடையிலேயே உட்கார வைத்திருப்பார். அந்தக் கோபத்தில்தான் நான் எழுத உட்கார்ந்தேன். என் தமிழ் பாலக்காட்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ். என் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கக்கூட வராது, அவர்கள் மலையாளத்தில்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள். ஆனாலும் அவரைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் உள்ளதை உள்ளபடி அறியட்டும்.

டாக்டர் மார்த்தா லின்டவர் ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை நகரத்தில் பிறந்தவர். காது நோய்க்கென்று தனி ஆராய்ச்சி கால் ஊன்றத் தொடங்கியிருந்த நாட்களில் அதில் இறங்கியவர். பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டைத் தவிர வேறிடம் தரத் தயங்கிய காலம் அது. இவர் கொதிகலன் செய்யும் பட்டறைகளுக்குப் போனார். அங்கே சம்மட்டி அடிப்பவர்களுக்கு எந்தச் சத்தம் முதலில் விட்டுப்போகிறது, அது அந்த மனிதனுக்கே தெரியவருவதற்கு எத்தனை காலம் முன்பே விட்டுப்போகிறது என்று ஒவ்வொரு காதாகச் சோதித்து எழுதி வைத்தார். அப்படி ஆயிரம் காது. அந்த வழியில் முதலில் நடந்த சிலரில் அவரும் ஒருவர் என்று, பிற்பாடு கொச்சிக்கு வந்த ஒரு கப்பல் டாக்டர் எனக்குச் சொன்னார். டாக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் காலை வேலைக்குப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, யூதர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொள்ள விட்டார்கள். மேஜையிலிருந்த நோட்டுப் புத்தகங்களைத் தரவில்லை. தூரத்து உறவினர் ஒருவர் மிளகு வாங்கப் போய்வந்த ஊர் என்பதால் கொச்சிக்குக் கப்பலேறினார். வந்த கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது. எதிரி நாட்டுக்காரி என்று சொல்லி இங்கே ஒரு முகாமில் அடைத்தார்கள். "அவிடெ யூதத்தி, இவிடெ ஜெர்மன்காரி, எனக்கு ரெண்டு ஜோலி," என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

முகாமிலிருந்து வெளியே வந்ததும் யூதத் தெருவுக்கும் பஜாருக்கும் நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்தார். வாசலில் மூன்று மொழியில் பலகை தொங்கியது. தமிழில், "காது மட்டும்." தொண்டை வலி என்று வருபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். அடுப்பில் காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் காதில் ஊற்றிக்கொண்டு வருபவர்களைக் கும்பிடக்கூட மாட்டார். "எண்ணெய் மீனுக்கு. காதுக்கு வேண்டா," என்பார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் நான்கு மொழியில் பேசுவார்.

நான் அங்கே முதலில் போனதும் எண்ணெயால்தான். கேரளம் என்று ஒரு மாநிலம் ஆவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு. என் மூத்த மகள் காதில் ஒரு மிளகைத் திணித்துக்கொண்டாள். வீட்டில் எண்ணெய் ஊற்றினார்கள், மிளகு ஊறிப் பருத்துவிட்டது. டாக்டரம்மா அரை மணி நேரம் போராடி அதை எடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டார். குப்பியில் ஏற்கெனவே இருபது முப்பது மிளகு கிடந்தது. மட்டாஞ்சேரியில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அந்தக் குப்பியைப் பார்த்தால் போதும்.

பிறகு மகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, எட்டி நின்று மெதுவாக ஏதாவது சொல்லும்படி என்னிடம் சொன்னார். சொன்னேன். அவர் மகளைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். இன்னும் தள்ளிப் போய்ச் சொல்லச் சொன்னார். போனேன். தரகுக்காரன் நாள் முழுவதும் மெதுவாகப் பேசுகிறவன், என் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நாளை முதல் இரண்டு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பஜார் தூங்கும். லுஹர் தொழுதுவிட்டு நானும் தூங்குகிற நேரம்தான். சரி என்றேன். அப்படித்தான் டாக்டரம்மாவுக்கு நான் குரலானேன்.

குரல் என்று சொல்வது ஏன் என்று விளக்க வேண்டும். மாடிக் கூடம் இருபது தரைக்கற்கள் நீளம். ஒவ்வொரு கல்லும் ஓர் அடி. ஒரு கோடியில் நோயாளி பக்கவாட்டாக உட்காருவார். சோதிக்காத காதின் மேல் ரோஸி ஒரு காகிதத்தை வைத்து உரசிக்கொண்டே இருப்பாள், அந்தக் காது இந்தப் பக்கம் ஒட்டுக் கேட்காமலிருக்க. இருபதாவது கல்லில் நான் நிற்பேன். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் காற்றில் ஓர் எண்ணை ரகசியக் குரலில் சொல்வேன். முப்பத்தேழு. எண்பத்துநாலு. அந்த மிச்சக் காற்று எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது டாக்டரம்மா படித்த பாடம். நோயாளி திருப்பிச் சொன்னால் எழுதுவார். சொல்லாவிட்டால் நான் ஒரு கல் முன்னால் வருவேன். டாக்டரம்மா தாமே சொல்லிப் பார்த்ததுண்டு. அவருடைய மலையாள எண்கள் நல்ல காதுக்கே புரியாது.

கண்ணைக் கட்டினால் பாதிப்பேர் பயந்தார்கள், பெண்கள் எழுந்தே போய்விட்டார்கள். அதனால் உதட்டசைவு தெரியாதபடி என் வாய்க்கு முன்னால் ஓர் ஓலை விசிறியைப் பிடிக்க வைத்தார். இடது கையில் விசிறி. வலது கை சும்மா தொங்கும்.

அங்கே விட்டுவந்த ஆயிரத்தை இங்கே மறுபடி சேர்ப்பதுதான் அவர் ஆசை. சம்மட்டிக்காரர்கள் இல்லாவிட்டால் என்ன, தோணி கட்டும் ஆசாரி, மூட்டை தூக்குபவர், தறிக்காரர், தரகர், அவர்கள் வீட்டுப் பெண்கள். எந்த வேலையில், எந்த வயதில், எந்தக் காது எவ்வளவு தேய்கிறது என்று ஓர் ஊரையே எழுதி வைக்க வேண்டும். யூதர்களின் புது நாட்டில், ஹைஃபாவில், அவருடைய அக்காள் மகள் இருந்தார். குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியது அந்த ஒருவர்தான். மாதம் ஒரு கடிதம் வரும், எப்போது வருகிறீர்கள் என்று. யூதத் தெருவில் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறும்போதும் டாக்டரம்மாவையும் கூப்பிட்டார்கள். "ஆயிரம் ஆகட்டும், பின்னே வரும்," என்பார். அக்காள் மகளுக்கும் அதையே எழுதுவார். அவர் அறையில் அந்தப் பெண்ணின் படம் ஒன்று இருந்தது, ஏழு வயதில் எடுத்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழு வயதில் மகன் இருக்கிறான் என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுப் படத்தைத் துடைத்தார்.

அவர் எதற்கும் ஏங்கியதாகக் காட்டிக்கொண்டவர் அல்லர். ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னார். ஏதோ கடையடைப்பு நாள். கைவண்டி இல்லை, தோணிக்காரர் கூச்சல் இல்லை, தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. வராந்தாவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அவர் ஊரில் இரவெல்லாம் பனி கொட்டிவிட்டு விடியும் காலையில் ஒரு சத்தமும் இருக்காதாம், தன் கோட்டு உரசுவது தனக்கே கேட்குமாம். "இது ஏறக்குறைய அதுபோல," என்றார். கடைசித் தெருவில் யாரோ கோஷம் போட ஆரம்பித்ததும் உள்ளே வந்துவிட்டார்.

ஆறு வருஷம் அப்படி ஓடியது. எழுநூற்று நாற்பது காது ஆகியிருந்தது. இன்னும் ஒன்றரை வருஷம் போதும் என்று கணக்குப் போட்டு அக்காள் மகளுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டவன் நான்தான்.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு டாக்டரம்மாவும் ரோஸியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அண்ணன் குனிந்து நின்று நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா, "ஹமீதே," என்று கூப்பிட்டார். அண்ணன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். என் மனைவி போய் அண்ணனின் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். டாக்டரம்மா தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் சோறு பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டோம். அண்ணனின் இரண்டு காதும் பதினெட்டுக் கல் என்று இரண்டு வருஷம் முன்பு எழுதிவைத்தது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

மறுநாள் இரண்டு மணிக்கு அண்ணனை வரச் சொன்னார். நான் எண் சொன்னேன். பதினெட்டுக் கல்லில் அண்ணன் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துவிட்டு ரோஸியைச் சொல்லச் சொன்னார். ரோஸி பதினெட்டில் சொன்னாள், பத்தில் சொன்னாள், ஐந்தில் சொன்னாள். அண்ணன் சும்மா இருந்தார். இரண்டாவது கல்லுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ராவுத்தரே, ஒரு தடவை கூடி," என்று மறுபடி என்னை நிற்க வைத்தார் டாக்டரம்மா. இந்த முறை மேஜைக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் பின்னால் போய் முட்டி மடக்கி, அவர் கண் இருக்கும் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து, அவர் கடைக்கண் பார்க்கும் திசையிலேயே பார்த்தார். நான் ஐந்தாறு எண் சொல்லியிருப்பேன். எழுந்து நேராக என்னிடம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த என் வலது கையைப் பிடித்தார்.

"இந்தக் கை இப்ப என்ன சொல்லிச்சு?"

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் நாற்பத்தாறு சொல்லிக்கொண்டிருந்தன.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே அது விரலில் ஏறிவிடும். ஏழு என்று வாய் சொன்னால் விரல் தானாக ஏழாகிவிடும். பஜாரில் தரகர் மட்டுமல்ல, எடை போடுபவர், மூட்டைக்காரர், வண்டிக்காரர் எல்லாருக்கும் அந்த விரல் பாஷை கண்ணால் பார்த்தாலே புரியும். ஆறு வருஷமாக ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு, மறு கையால் நான் எல்லாருக்கும் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

அண்ணனிடம் கத்தினேன், ஏன் சொல்லவில்லை என்று. அவருக்கு என் கோபமே புரியவில்லை. "உன் விரல் சொல்லுது, நான் சொல்றேன். வாங்குறவன்கிட்ட இத்தன வருஷம் அப்படித்தானே சமாளிச்சேன். காது போச்சுன்னா எவன்டா எனக்கு மிளகு தருவான்?" என்றார்.

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தையும் அடிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே கோடு போட ஆரம்பித்தார். பஜாரோடு சம்பந்தமில்லாதவர்களையாவது, பெண்களையாவது விட்டுவிடலாமே என்று கெஞ்சினேன். பாதியையாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"யாருக்கு விரல் தெரியும், யாருக்குத் தெரியாது, எனக்கு எப்படி அறியும்?" என்றார். "பாதி சத்தியம் எழுதி வெச்சா நாளை யாராவது அதை நம்பும். நம்பி ஒரு ஆளை நல்ல காதுன்னு வீட்டுக்கு அனுப்பும். உங்க அண்ணனை நான் அனுப்பினபோல."

நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. அவர் கோடு போடுவதை நிறுத்தாமலே, "கை குற்றம் செய்யல்ல ராவுத்தரே. நான் நோக்கல்ல. நோக்காத ஆளுக்குத்தான் குற்றம்," என்றார். கடைசிப் பக்கம் முடிய மாலை ஆறாகிவிட்டது. பிறகு ஹைஃபாவுக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். என்ன எழுதினார் என்று அவர் சொல்லவில்லை. அதைத் தபால் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை, பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்ற பிறகுதான் போட்டேன். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

அதன் பிறகு மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஒருநாள் பண்டகசாலையில் மிளகு கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்தத் தூசிக்கு நடுவில் டாக்டரம்மா வந்து நின்றார். ஏழெட்டுத் தும்மல் தும்மினார். என்னைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நாளை ரெண்டு மணி. விசிறி ரெண்டு கையாலயும் பிடிக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே போய்விட்டார்.

இனி எண்கள் வேண்டாம், வார்த்தைகள் என்று முடிவாயிற்று. தமிழனுக்கும் மலையாளிக்கும் கொங்கணிக்கும் குஜராத்திக்கும் தெரிந்த வார்த்தைகளாக இருக்க வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். சாயா, சாவி, தோணி, பாலம், சோப்பு, துண்டு. ரோஸி தன் பங்குக்குச் சொன்னதெல்லாம் மீன் பெயராகவே இருந்தன. பாதியை டாக்டரம்மா அடித்துவிட்டார், அதற்கு ரோஸி இரண்டு நாள் பேசவில்லை. அப்படி நூறு வார்த்தை தேறியது.

ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம். பழைய ஆட்களில் எத்தனையோ பேர் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் களமசேரியில் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். யூதத் தெருவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்குப் புதிதாக வந்தவர்களை நான் கெஞ்சிக் கூட்டிவருவேன். வருகிறவர் எல்லாரிடமும் டாக்டரம்மா முதலில் ஒன்று சொல்வார்: "கேட்கலேன்னு சொன்னா எனக்கு சந்தோஷம். எனக்காக ஒண்ணும் கேட்க வேண்டா."

அண்ணனுக்குக் காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகியிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் மதராஸுக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டார். எழுபது வயதை நெருங்குகிற ஜெர்மன் டாக்டர் ஒரு மிளகுத் தரகரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் இப்போது சட்டைப்பையில் காது மெஷின் வைத்திருக்கிறார். அண்ணி பேசத் தொடங்கினால் அதை அணைத்துவிடுகிறார் என்று புகார் வருகிறது.

ஏழு வருஷம். ஹைஃபாக் கடிதங்கள் மாதம் ஒன்றிலிருந்து வருஷத்துக்கு மூன்றாகக் குறைந்தன. படத்திலிருந்த பெண்ணின் மகன் பள்ளிக்கூடத்தை முடிக்கப்போகிறான் என்று ஒரு கடிதத்தில் வந்தது. டாக்டரம்மாவுக்குப் படியேற முடியாமல் போனது, கை நடுங்கியது, காதும் கொஞ்சம் மங்கியது. தன் காதையும் சோதிக்க வைத்து, இடது பதினொன்று, வலது ஒன்பது என்று மற்றவர்களுக்கு எழுதுவது போலவே எழுதினார். அவர் ஒருமுறைகூட என்னைக் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் அவர் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். அந்தக் கை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் அந்தப் பையனைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. நோட்டுப் புத்தகத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது. ஒரே ஓர் ஆள் வேண்டும். தேவராவிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவருகிறேன் என்றேன்.

"ராவுத்தர் பாக்கி இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் என் காதை யாரும் சோதித்ததில்லை. நான்தானே குரல், எனக்கு யார் சொல்வது? தானே சொல்வதாகச் சொன்னார். அவருடைய உச்சரிப்பு எனக்குப் பழக்கம். பட்டியல் எனக்கு மனப்பாடம் என்பதால் பட்டியலில் இல்லாத, தனக்குத் தோன்றுகிற வார்த்தைகளைச் சொல்வாராம். இருபதாவது கல்லில் பிரம்பு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தோம். இரண்டு கையாலும் விசிறியைப் பிடித்துக்கொண்டார்.

வலது காது. மிளகு என்றார். மழை என்றார். பெருநாள் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். இருபது கல்.

திரும்பி உட்கார்ந்து இடது காதைக் கொடுத்தேன். ரோஸி என் வலது காதில் காகிதத்தை வைத்து உரசத் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டேன். காகிதத்தின் சரசரப்புத்தான் இருந்தது. காத்திருந்தேன். பிறகு ரோஸியின் கை நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். டாக்டரம்மா விசிறியை மடியில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்ல ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகியிருந்தது.

ஏதாவது ஒன்றை ஊகித்துச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடைசி வரி. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"கேக்கல, டாக்டரம்மா," என்றேன்.

"நன்று," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அவரால் எழுந்து நடக்க முடியாது என்பதால் நான்தான் ஒவ்வொரு கல்லாக அவர் பக்கம் நகர்ந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தை. கேட்காத வார்த்தையைத் திரும்பச் சொல்வது அங்கே வழக்கமில்லை, இரண்டாம் முறை காது ஊகித்துவிடும். பதினான்காவது கல்லில் "கப்பை" என்று மரவள்ளிக்கிழங்கின் பேர் கேட்டது. ரோஸி சிரித்துவிட்டாள். ஆயிரம் என்று எழுதி, தேதி போட்டு, டாக்டரம்மா பேனாவை மூடினார். நாங்கள் மூன்று பேரும் சாயா குடித்தோம். இடது காதுக்கு முதலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேட்காத வார்த்தை இதுவரை யாருக்கும் பறஞ்சதில்ல. ராவுத்தருக்கு மட்டும் எப்படி?" என்று சிரித்தார். ரோஸிக்கும் தெரியாது, காகிதத்தின் சத்தத்தில் அவளுக்கும் கேட்கவில்லையாம்.

மறுநாளே அக்காள் மகளுக்கு எழுதினார், வருகிறேன் என்று. அடுத்த மாதக் கப்பலில் இடமும் சொல்லிவைத்தாயிற்று. நோட்டுப் புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றித் தைத்து, ஹைஃபா விலாசம் எழுதி வைத்திருக்கிறேன். அவர் ஏற வேண்டிய கப்பலில் அது போகிறது.

இதை எழுதும் இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ரோஸி ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்தாள். நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, இருபதாவது கல்லின் பக்கம் இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டேன். நான்கு மணிக்கு பஜார் எழுந்து கைவண்டிகள் ஓடத் தொடங்கும்வரை இருந்தேன்.

கேட்கவில்லை, டாக்டரம்மா. போய் வாருங்கள்.